அருவருப்பு இருந்த இடம்

வேலுமயில் தேநீர்க் குவளையைப் பிடித்திருந்த கையைப் பார்த்ததும் ஜெபமலருக்குக் குமட்டியது. ஐந்து நகக்கண்களிலும் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. கட்டைவிரல் குவளைக்குள் பாதி மூழ்கியிருந்தது. ஒரு மிடறு குடித்தவன், விரலை எடுத்துச் சப்பிவிட்டு மறுபடி குவளைக்குள்ளேயே விட்டுக்கொண்டான்.

பக்கத்து நாற்காலியிலிருந்த அவன் மனைவி பஞ்சவர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்லயும் இதேதான் டாக்டரம்மா," என்றாள்.

சாக்கடைக் குழியிலிருந்து ஏறி வந்த கோலத்திலேயே அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறானாம். கால் கழுவச் சொன்னால் எதற்கு என்று கேட்கிறானாம். மூன்று நாள் பழைய சோற்றில் பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்ததை அப்படியே பிசைந்து சாப்பிட்டிருக்கிறான். மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கையாலேயே ஊட்டுகிறான். நான்கு வயதுப் பெண்ணுக்கு இரண்டு மாதத்தில் மூன்று தடவை வயிற்றுப்போக்கு. கத்தினால் கோபிப்பதும் இல்லை, சிரிக்கிறான் என்றாள். அடித்தால்கூடத் தாங்கிக்கொள்வேன், அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றாள்.

வேலுமயில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதில் எதையும் மறுக்கவில்லை.

ஜெபமலரின் முன்னால் நிறுவனத்தின் படிவம் இருந்தது. ஏழாம் மாதப் பரிசோதனைக்கு அதில் இரண்டே கேள்விகள். குடி நின்றதா? வேலைக்கு ஒழுங்காக வருகிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றுதான் எழுத முடிந்தது.

ஜெபமலர் மருத்துவர் அல்ல. தொழிலாளர்கள்தான் டாக்டரம்மா ஆக்கிவிட்டார்கள். அவள் மனநல சிகிச்சையாளர். ஆழியூர் துறைமுக நகரத்தில் பதினேழு வருடமாகத் தொழில் செய்கிறவள். அவளிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் எதைப் பார்த்தாலும் அழுக்கென்று நடுங்குகிறவர்கள். கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு நாற்பது தடவை கை கழுவுகிற வங்கி ஊழியர், பஸ்ஸில் பக்கத்து ஆளின் தோள் பட்டதற்காகச் சட்டையை எரித்த மாணவன், பெற்ற குழந்தையின் எச்சில் பட்டுவிடும் என்று அதைத் தூக்காத தாய்.

அவளுடைய முறை மிகவும் மெதுவானது. எதைக் கண்டு அவர்கள் கூசுகிறார்களோ, ஒரு குப்பைக்கூடையோ பழைய செருப்போ, அதை அறையின் மறுகோடியில் வைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அது சுத்தமானதுதான் என்று வாதாட மாட்டாள். பயப்படாதே என்றும் சொல்ல மாட்டாள். கூச்சம் பொங்கி, தானாக அடங்கும்வரை கூடவே இருப்பாள். அடுத்த வாரம் நாற்காலியை ஒரு சாண் முன்னால் நகர்த்துவாள். சிலருக்கு அறையைக் கடக்க இரண்டு வருடம் ஆனது.

ஏன் இந்தத் துறைக்கு வந்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் அம்மா அரசு மருத்துவமனையில் வார்டு கூட்டினாள், மலச்சட்டி கழுவினாள். எட்டாம் வகுப்பில் ஒருநாள் அம்மா பிசைந்து நீட்டிய கவளத்தை ஜெபமலர் வாங்கவில்லை. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அம்மா காரணம் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து சோற்றுப் பானையையும் கரண்டியையும் மகள் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வாள். மகள் சாப்பிட்டு எழும்வரை உள்ளே வரமாட்டாள். நாலு வருடம் அப்படி. அம்மா செத்த பிறகுதான் ஜெபமலருக்கு அது உறைத்தது. பெற்றவளை வாசலில் நிறுத்திய அந்த உணர்ச்சியை அவள் அன்றிலிருந்து எதிரியாகவே நினைத்தாள். அதை மனிதர்களிடமிருந்து வேரோடு பிடுங்க ஒரு வழி கிடைத்தால் தயங்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வழி கிடைத்தது. நெற்றியைச் சுற்றிக் கட்டும் ஒரு பட்டை. காதுக்கு மேலே மூளையின் உள்மடிப்பில் புளியங்கொட்டை அளவு ஓரிடம் இருக்கிறது. குமட்டலும் அருவருப்பும் அங்கேதான் கிளம்புகின்றன. பட்டையிலிருந்து ஐந்து நிமிடம் ஒலியலை போனால் அந்த இடம் அடங்கிவிடும். போட்டால் போட்டதுதான், திரும்பக் கிளப்ப வேண்டுமானால் அதே பட்டையில் வேறு அலை வைக்க வேண்டும். குழந்தையைத் தூக்காத அந்தத் தாய்க்குத்தான் ஜெபமலர் முதலில் போட்டாள். ஆறாவது நிமிடம் அந்தப் பெண் குழந்தையின் ஒழுகும் மூக்கைத் தன் விரலாலேயே துடைத்துவிட்டாள். ஜெபமலர் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்தச் செய்தி பரவித்தான் சுதர்சன் அவளைத் தேடி வந்தார். ஆழியூரின் பாதாளச் சாக்கடையைப் பராமரிக்கும் வெண்துகில் நிறுவனத்தின் வட்டார மேலாளர். குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். சட்டப்படி யாரையும் குழிக்குள் இறக்கக்கூடாது. அவசரம் என்றால் இறக்கலாம் என்று ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தார்கள். ஆழியூரில் தினமும் அவசரம்.

"மேடம், குடிக்காம அவங்களால உள்ள இறங்க முடியல. குடிச்சே நாப்பது வயசுல போயிடறாங்க," என்றார் சுதர்சன். "அந்தக் குமட்டல மட்டும் நீங்க எடுத்துட்டா, குடி தானா நின்னுடும்."

இயந்திரங்கள் என்னவாயின என்று ஜெபமலர் கேட்டாள். ஆறு உறிஞ்சு லாரிகளுக்குச் சொல்லியிருப்பதாகவும், அவை வந்துசேரும்வரைதான் இந்த ஏற்பாடு என்றும் அவர் சொன்னார். அவள் நம்பினாள். நம்புவதற்கு ஆசையாகவும் இருந்தது. நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்து, அவர்கள் ஒதுக்கிய அறையில் இருநூற்றுப் பதினான்கு பேருக்குத் தன் கையாலேயே பட்டை கட்டினாள். இரண்டே வாரத்தில் பாதிப்பேர் குடியை விட்டார்கள். மனைவிமார் வாழைப்பழச் சீப்போடு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் பஞ்சவர்ணமும் ஒருத்தி.

இப்போது அதே பஞ்சவர்ணம் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி, புருஷனோடு எழுந்து, அவனுக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலி இடம் விட்டு வெளியே நடந்தாள்.

மறுநாள் காலை ஜெபமலர் வேலை நடக்கும் இடத்துக்கே போனாள். வெண்துகிலின் பின்கட்டில் ஆறு லாரிகளும் நின்றன. வந்து நெடுநாள் ஆகியிருக்க வேண்டும். தார்ப்பாய் போர்த்தியிருந்தது, சக்கரங்களில் கோவைக்கொடி ஏறியிருந்தது.

தெருமுனையில் குழி திறந்திருந்தது. ஐந்தாறு பேர் அதன் விளிம்பிலேயே கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலுமயிலும் இருந்தான், அவன் மச்சினன், பஞ்சவர்ணத்தின் தம்பி மாரிச்செல்வமும் இருந்தான். மாரிச்செல்வத்துக்கு இருபத்தாறு வயது. பட்டை கட்டும்போது கூச்சமாக இருக்கிறது என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன். முழங்கைவரை சேறு வழிய, அதே கையால் சோற்றை உருட்டிக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி தன் பொட்டலத்தில் மீனைத் தின்று முடித்து, முள்ளையும் எச்சில் சோற்றையும் இலையோடு சுருட்டி அவன் பக்கம் எறிந்தார். இலை மாரிச்செல்வத்தின் தொடையில் விழுந்து பிரிந்தது. அவன் குனிந்து பார்த்தான். மிச்சமிருந்த சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் தங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். மேஸ்திரி பல்லைக் குத்திக்கொண்டே, "எப்பிடி இருக்கானுங்க பாத்தீங்களா மேடம், தங்கமான பசங்க," என்றார் ஜெபமலரிடம்.

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து புளிப்பாக ஏதோ ஏறியது. விழுங்கிக்கொண்டு நேராகச் சுதர்சனின் அறைக்குப் போனாள்.

அவர் ஒளிக்கவில்லை. ஆட்களே முகம் சுளிக்காமல் இறங்கும்போது லாரியை எதற்காக ஓட்ட வேண்டும் என்று கேட்டார். முன்பெல்லாம் வருடத்துக்கு மூன்று வேலைநிறுத்தம். இந்த ஏழு மாதத்தில் ஒரு புகார்கூட இல்லை. வேறு நான்கு நகரங்களிலிருந்து விசாரித்திருக்கிறார்கள்.

"எல்லாம் உங்க கைராசி மேடம்," என்றார்.

"நான் தப்பு பண்ணிட்டேன் சார். குமட்டல்ங்கிறது நோய் இல்ல, அது ஒரு காவல். குழிக்குள்ள விஷவாயு அழுகின முட்டை மாதிரி நாறும். நாத்தம் வந்ததும் உடம்பு தானா பின்வாங்கும். இவங்களுக்கு நாத்தம் தெரியுது, பின்வாங்கத்தான் தெரியல. ஒருத்தன் எச்சில் இலைய மேல எறிஞ்சாலும் அதே கதைதான். ச்சீன்னு சொல்றதுக்கான இடம் உள்ள செத்துப் போச்சு."

வாயுமானி கொடுத்திருக்கிறோமே என்றார் சுதர்சன். அதில் பேட்டரி இருக்கிறதா என்று அவள் கேட்டாள். அவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

பதினோரு நாள் கழித்து மீன் மார்க்கெட் தெருவில் மாரிச்செல்வம் செத்தான். மூடியைத் திறந்ததும் நாற்றம் தெருவையே தூக்கியதாம். பெட்டிக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு ஓடியிருக்கிறார். நாறுதே மாப்ள என்றானாம் வேலுமயில். ஆமா மச்சான் என்றானாம் மாரிச்செல்வம். சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினான். நாலாவது படியில் கை விட்டுப்போனது. வேலுமயில்தான் கயிறு போட்டு இழுத்தான். வாயில் வாய் வைத்து ஊதினான். மார்பை அமுக்கியபோது உள்ளே போயிருந்த சாக்கடையெல்லாம் அவன் கைமேல் வழிந்தது.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. யாரோ தேநீரும் பன்னும் வாங்கிவந்து கொடுத்தார்கள். பஞ்சவர்ணம் தெருமுனையிலிருந்து தலைவிரிகோலமாக ஓடி வந்தபோது அவள் பார்த்தது இதைத்தான். தரையில் தம்பியின் உடல். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தம்பியின் வாயிலிருந்து வந்தது இன்னும் காயாத கையால், பன்னைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த புருஷன். அவள் அழவில்லை, அவனை ஏசவும் இல்லை. காரியம் முடிந்த அன்றே மகளைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் வேலுமயில் தனியாக ஜெபமலரிடம் வந்தான்.

"பஞ்சு என்னையப் பாத்தா டாக்டரம்மா. அவ மொகத்துல என்னமோ இருந்துச்சு. அது என்னன்னு எனக்குப் புரியல. முன்னாடின்னா புரிஞ்சிருக்கும்னு மட்டும் தெரியுது. எடுத்தத திருப்பிக் குடுத்துருங்க," என்றான்.

அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அது வந்தால் இன்றையிலிருந்து மட்டும் வராது, இந்த ஏழு மாதமும் சேர்ந்து வரும் என்றாள். உண்டது, தொட்டது, வாங்கிக்கொண்டது எல்லாம் வரும். வேலை மாறப்போவதில்லை என்பதையும் சொன்னாள். வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் அவன்.

அவள் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பட்டையைக் கட்டினாள்.

ஐந்து நிமிடம் முடிந்து கழற்றியதும் முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. வேலுமயில் மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சினான். எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவன்போல அறையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு தன் கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அவன் முகம் கோணியது. வாளியை எடுப்பதற்குள் வந்துவிட்டது. குடலே வந்துவிடும்போல எடுத்தான்; நின்றது என்று நிமிரும்போதெல்லாம் இன்னொன்று நினைவுக்கு வந்து மறுபடி குனிந்தான். பூஞ்சைச் சோறு என்றான். பாப்பாவுக்கு இந்தக் கையாலதானே ஊட்டினேன் என்றான். கடைசியில், "அந்த பன்னு..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல், இரண்டு உள்ளங்கைகளையும் சிமெண்டுத் தரையில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினான். தோல் உரிந்து இரத்தம் கசிந்தது.

ஜெபமலர் தடுக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வாந்தியின் நாற்றம் அறையை அடைத்திருந்தது. சன்னலைத் திறக்க எழவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனது அவன் அடங்க.

"இப்பிடி ஆகும்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரிஞ்சிருக்கணும்," என்றாள்.

அவன் அவளைப் பார்த்த பார்வையில் அவள் பதினேழு வருடமாகப் பிறரிடம் கண்டிருந்த அருவருப்பு இருந்தது. அவன் கையை ஊன்றி, அவளிடமிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான். அது தனக்குச் சேரவேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் அவன் ஒன்பது பேரைக் கூட்டிவந்தான். அதற்கு மறுநாள் முப்பது. எல்லோரும் சம்மதிக்கவில்லை. சங்கிலி என்ற மூத்த தொழிலாளி அறை வாசலிலேயே நின்றுகொண்டார். "வேலைய மாத்தித் தர முடியுமா தாயி ஒன்னால? முடியாதுல்ல. அப்ப என்னையத் தொடாத," என்றார். ஐந்தாம் நாள் நிறுவனம் அறையைப் பூட்டி அவளை வேலையைவிட்டு நீக்கியபோது நூற்று நாற்பத்தெட்டுப் பேருக்குக் குமட்டல் திரும்பியிருந்தது. அவர்களில் ஒருவர்கூடக் குழிக்குள் இறங்கவில்லை. லாரியை எடு என்றார்கள். மாரிச்செல்வத்தின் சாவுக்குப் பயந்து சங்கிலியின் வீட்டார் அவரையும் வேலைக்கு வெளியே விடவில்லை. சம்மதிக்காத மற்றவர்கள் வீட்டிலும் அதேதான் நடந்தது. லாரிகள் துருப்பிடித்துவிட்டன, உதிரிப்பாகம் வர ஆறு மாதம் ஆகும் என்றது நிறுவனம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாளே குழி மூடிகள் மிதந்து கிளம்பின. முதலில் சந்தைத் தெருக்கள், பிறகு பள்ளிக்கூடச் சாலை, பிறகு கடலைப் பார்த்த உயரமான குடியிருப்புகள். ஆழியூர் தினமும் கழித்துவிட்டு மறந்ததெல்லாம் அதன் வாசலுக்கே திரும்பி வந்தது. கார் நிறுத்துமிடங்களில் கணுக்கால் அளவு மஞ்சளாகக் குழம்பி நின்றது. குழாயில் வந்த தண்ணீர் நாறியது. சோறு நாறியது. தலையணை நாறியது. ஜெபமலர் சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்துக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தாள். ஒருவேளைகூட உண்டது தங்கவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இத்தனை காலம் நூறு இருநூறு பேர் மூக்கில் மட்டும் இருந்த நாற்றம் இப்போது எல்லார் மூக்கிலும் இருக்கிறது. இனி லாரிகள் வந்தே தீரும்.

அப்படித்தான் தெரிந்தது. மூன்று நாள் ஊரே கொதித்தது. கவுன்சிலர் வீட்டு வாசலில் வாளி வாளியாகக் கொட்டினார்கள். வெண்துகிலின் கண்ணாடிக் கதவை உடைத்தார்கள். ஜெபமலரின் சன்னலுக்குக் கீழே விடாமல் கோஷம் கேட்டது.

ஏழாம் நாள் காலை கோஷம் நின்றுவிட்டது. லாரிகள் வந்துவிட்டன என்று நினைத்து அவள் கீழே இறங்கினாள்.

கழிவு அப்படியேதான் நின்றது. முட்டிவரை சேலையைத் தூக்கிப் பிடித்து, முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டு லாரிச் சத்தம் எந்தத் திசையில் கேட்கிறது என்று கவனித்தபடி நடந்தாள். கடற்கரைச் சாலைத் திருப்பத்தில், மேட்டிலிருந்த சுவரை ஒட்டி வேலுமயில் நின்றிருந்தான். துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான். அவனருகே, தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த பஞ்சவர்ணம், தோளில் மகள். ஊரைவிட்டுப் போவதற்கு மூட்டை கட்டியிருந்தார்கள். அவன் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டினான்.

சமுதாயக் கூடத்தின் வாசலிலிருந்து வரிசை தொடங்கி அடுத்த தெருவரை வளைந்திருந்தது. நல்ல உடுப்பு உடுத்தியவர்கள், மூக்கில் கைக்குட்டை, கையில் டோக்கன். கூடத்தின் இன்னொரு கதவு வழியாக ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் மூக்கில் கைக்குட்டை இல்லை. படியிலிருந்து நேராகக் கழிவுக்குள் காலை வைத்து, அவசரமில்லாமல் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

சுதர்சன் அவளைப் பார்த்துவிட்டுக் கழிவைக் காலால் அளைந்துகொண்டே வந்தார். முழுக்காற்சட்டை தொடைவரை நனைந்து ஒட்டியிருந்தது. நெற்றியில் பட்டையின் தடம் சிவப்பாகத் தெரிந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க மேடம். பட்டை கட்டறதுக்கு உள்ள ரெண்டே பேர்தான். பழசெல்லாம் மறந்துடலாம். நீங்களும் உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள இந்த ஏரியா முடிஞ்சிரும்."

"லாரி?" என்று கேட்டாள் ஜெபமலர்.

"இனிமே எதுக்கு மேடம்? காலைலேருந்து ஒருத்தரும் கேக்கலையே."

வரிசையின் முன்பக்கம் ஒரு பெண்குழந்தை இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதது. நாறுதும்மா, நாறுதும்மா என்று விடாமல் சொன்னது. இதோ வந்துடுச்சு செல்லம், உள்ள போனா சரியாயிடும் என்று அதன் அம்மா தலையைத் தடவிக்கொடுத்தாள். இருவரும் உள்ளே போனார்கள். சிறிது நேரத்தில் அடுத்த கதவு வழியாக வந்தார்கள். குழந்தை அம்மாவின் கையை உதறிவிட்டுக் கழிவுக்குள் குதித்தது. இரண்டு காலாலும் தொபுக்கென்று மிதித்து, தெறித்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. சிரித்த வாயில் தெறித்ததை நாக்கால் துழாவிக்கொண்டது.

ஜெபமலரால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. சுவரைப் பிடிப்பதற்குள் பாதையிலேயே குனிந்து வாந்தி எடுத்தாள். வயிற்றில் எதுவும் இல்லை. கசந்த மஞ்சள் நீர்தான் திரும்பத் திரும்ப வந்தது.

கூடத்திலிருந்து வெளியே வந்தவர்கள் அதன்மேல் கால் வைத்து, பேச்சை நிறுத்தாமல் நடந்து போனார்கள். சுதர்சன் அவள் வாயைத் துடைப்பதற்காகத் தன் ஈரக்கையை நீட்டினார். வேலுமயில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.